மேல் இரண்டு ஜோடி

1943 நவம்பர் 14, ஞாயிறு

அண்ணனிடம் இன்று சொல்லவில்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடும் பஸ்; அதன் அடுப்பு பற்றிக்கொள்ள முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் காரிமங்கலம் புளியமரத்தடியில் அவன் பக்கத்தில்தான் நின்றேன். 'மேல் இரண்டு ஜோடியும் தப்பாகப் பேசுகின்றன.' ஐந்தே சொல். வாய் வரவில்லை.

ஏறும்போது கேட்டான். "பேதுருகிட்ட என்னன்னு சொல்லட்டும் ஞானம்?"

"விரல் இன்னும் படியலைங்கண்ணா. பழகிட்டு எழுதறேன்."

அதுவும் பொய் இல்லை. ஆனால் அதுதான் உண்மை என்றும் சொல்ல முடியாது.

பின்னால் எனக்கே குழம்பிவிடாமல் இருக்க ஒழுங்காக எழுதி வைக்கிறேன். அண்ணன் பெங்களூரில் இத்தாலியக் கைதிகள் முகாமில் சாமான் கிடங்குக் குமாஸ்தா. அங்கே ஒரு கைதி, பெயர் பியெத்ரோ. அண்ணன் வாயில் பேதுரு. சொந்த ஊரில் தச்சுவேலை செய்தவனாம். தேயிலைப் பெட்டிப் பலகையைச் சீவி ஒட்டி, பித்தளைச் சொம்பு ஒன்றை வெட்டி, வீணையில் இருப்பது போலக் கழுத்தின் குறுக்கே மெட்டுகள் பதித்து, ஒரு மாண்டலின் செய்திருக்கிறான். செய்தானே தவிர அதன் சத்தத்தை அவன் கேட்டதில்லை. முகாமுக்குள் கைதிகள் எஃகுக் கம்பி ஒரு சாண்கூட வைத்திருக்கக் கூடாது. வேலியை அறுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று பயம். கம்பியில்லாத மாண்டலின். அதனால் அண்ணனிடம் கொடுத்து, வெளியே கொண்டுபோய்க் கம்பி கட்டி யாரையாவது வாசிக்கச் சொல், எங்கேயாவது பிசகு இருந்தால் வந்து சொல் என்றிருக்கிறான். வாசிக்கப் பத்துத் தாளும் எழுதிக் கொடுத்திருக்கிறான். பத்தையும் வாசித்தால் விரல் தொடாத மெட்டு ஒன்றுகூட இருக்காதாம்.

அவன் இரண்டாவதாக ஒன்று செய்துகொண்டிருக்கிறான், முகாம் அதிகாரியின் மனைவிக்கு. அது பிடித்துப்போனால் அவனைத் தச்சுப் பட்டறையில் போடுவதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். இப்போது கல் உடைக்கிறான். நெஞ்சில் சளி, இரவெல்லாம் இருமுகிறானாம். ஆனாலும் பிசகுள்ள வாத்தியத்தை ஒருத்தர் கையில் கொடுக்க மாட்டேன் என்கிறான். முதலாவது சரி என்று தெரிந்த பிறகே இரண்டாவதைக் கொடுப்பானாம்.

நான் போர்டிங்கில் ஆறு வருஷம் ஆர்மோனியத்தோடு பாடினவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டும் சொல்லிக் கொடுக்கிறேன். ஆகவே எனக்குக் காது உண்டு என்பது அண்ணன் தீர்மானம்.

காது இருப்பதுதான் தொல்லை.


நவம்பர் 16, செவ்வாய்

முதல் தாளை நாற்பது தடவைக்கு மேல் வாசித்தேன். எண்ணவில்லை, அண்ணி எண்ணினாள்.

தாளில் நான்கு நீளக் கோடுகள், ஜோடிக்கு ஒன்று. மாண்டலினில் கம்பி எட்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு ஜோடி. தடித்தது இரண்டு ஜோடி, மெல்லியது இரண்டு ஜோடி; மேல் ஜோடி என்று நான் சொல்வது மெல்லியதை. கோட்டின் மேல் எத்தனையாவது மெட்டு என்று ஒரு எண். அதன் தலையில் எந்த விரல் என்று சின்னதாக இன்னொரு எண். வேறு ஒரு எழுத்தும் கிடையாது, மேலே 'ஆர்பெஜி' என்ற ஒரு சொல்லைத் தவிர. அண்ணனுக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை.

தடித்த ஜோடியில் விரல் வைக்காமல் வெறும் கம்பி. அதிலேயே நாலாம் மெட்டு, நடுவிரல். அடுத்த ஜோடியில் வெறும் கம்பி. பிறகு ஐந்தாம் மெட்டு, மோதிரவிரல். இதுவரை கேட்டால் ச, க, ப, மேல் ச. விடியற்காலையில் கோயில் மணி அடித்தது போலச் சுத்தமாக இருக்கிறது. அதற்குப் பிறகு மெல்லிய ஜோடிக்குப் போகிறேன். ஆள்காட்டி விரல் இரண்டாம் மெட்டில். அங்கேயே ஏணி முறிகிறது.

சுருதி கூட்டியது நான் இல்லை, போன வாரச் சந்தைக்கு வந்த பிடில் முனியப்பன். நாடக சபாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் வாசிக்கிறவர். இந்தப் பக்கத்தில் கம்பி வாத்தியம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எட்டுக் கம்பியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நாலு கம்பிக்குப் பதிலா நாலு ரெட்டைப் புள்ளைங்க, அவ்வளவுதானுங்க டீச்சரம்மா. வெள்ளைக்காரன் கம்பியா இருந்தா என்ன, ச, ப, ச, ப தானே" என்று பத்தே நிமிஷத்தில் கூட்டிக் கொடுத்தார். கூட்டிய சுருதியில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. வெறும் கம்பிகளை ஒரு முறை தடவினால் வீடு முழுக்க நிறைகிறது.

அப்படியென்றால் தப்பு என் விரலில்.


நவம்பர் 20

நாலாம் தாள். இந்தச் சுண்டுவிரல் என்னுடையதே இல்லை போலிருக்கிறது.


நவம்பர் 27, சனி

இடது கை விரல் நுனிகளில் நீலக் கோடு விழுந்துவிட்டது. வகுப்பில் சாக்குக்கட்டியைப் பிடித்தால் சுருக்கென்கிறது. கணக்குப் போடச் சொல்லிவிட்டு மேஜைக்கடியில் அடிக்கோலை மாண்டலின் கழுத்தாக நினைத்து விரலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் டீச்சருக்குக் கை நடுக்கம் என்று பேசிக்கொள்கிறார்களாம்.

பங்குச் சாமியாரிடம் தாளில் இருந்த 'ஆர்பெஜி'க்கு அர்த்தம் கேட்டேன். ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்களைப் பிரித்து, ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதற்கு அப்படிப் பெயராம். எனக்கு வருகைப் பதிவு ஞாபகம் வந்தது. கூட்டமாகக் கத்தும்போது எல்லாரும் இருப்பது மாதிரித்தான் தோன்றும். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டால்தான் யார் வரவில்லை என்று தெரியும். அதனால்தான் பேதுரு பாட்டு எழுதிக் கொடுக்காமல் இதை எழுதிக் கொடுத்தான். புத்திசாலி.

அண்ணி லூர்துமேரிக்கு இந்த வாத்தியத்தைக் கண்டாலே ஆகவில்லை. கேழ்வரகு அறுப்புக்குக் கொல்லிக் காட்டுக்குப் போய்விட்டு வந்து காலை நீட்டினால் இந்தச் சத்தம்தான் வரவேற்கிறது என்கிறாள். இன்று, "ஏன் ஞானம், பாதி தூரம் நல்லாத்தானே போவுது. அந்தப் பாதியோட நிறுத்திக்கிட்டா என்னா?" என்றாள்.

நல்ல கேள்விதான். அப்படி நிறுத்திக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் சௌக்கியமாக இருக்கிறார்கள்.


டிசம்பர் 4, சனி

இன்று விரலை விட்டுவிட்டுக் குரலால் பார்த்தேன். மேல் பாதியில் வர வேண்டியது க, ப, ச. வருவது ரி, ம, நி. நூறு தடவை வாசித்தாலும் அதே ரி, அதே ம, அதே நி. தப்பு என் விரலில் இருந்தால் ஒரு தடவையாவது வேறு தினுசாகத் தப்ப வேண்டாமா? இது ஒரே மாதிரி தப்புகிறது. எல்லாமே ஒரு படி கீழே விழுகிறது.

அப்படியானால் என் விரல் இல்லை. மெட்டுகள்தான் சாய்வாகப் பதிந்திருக்கின்றன. தடித்த கம்பிப் பக்கம் சரியாகவும் மெல்லிய கம்பிப் பக்கம் விலகியும். கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் மயிரிழை விலகினாலும் காதுக்குத் தெரிந்துவிடும் அல்லவா.

இதை எழுதும்போது மனம் லேசாகிறது. அது எனக்கே பிடிக்கவில்லை.


டிசம்பர் 9, வியாழன்

அண்ணனிடமிருந்து கார்டு. அதிகாரியின் மனைவி கிறிஸ்துமஸுக்குள் மாண்டலின் வேண்டும் என்று இரண்டு முறை கேட்டுவிட்டாளாம். இரண்டாவது தயார், பேதுரு அதைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு கொடுக்க மறுக்கிறான். தினமும் கிடங்கு ஜன்னலுக்கு வந்து, 'சிஸ்டர்? சிஸ்டர்?' என்று கேட்கிறானாம். கடைசி வரி: 'நல்லதோ கெட்டதோ, உள்ளது உள்ளபடி எழுது. மழுப்பினால் அவன் முகத்தை நான் பார்க்க முடியாது.'

உள்ளது உள்ளபடி. படிப்பு வாசனை உள்ளவளுக்கு இதைவிடப் பெரிய வலை வேறு இல்லை. சரியென்று எழுதிவிட்டால் என்ன? அந்த அம்மாள் வாசிக்கப் போகிறாளா? அவன் நிழலில் உட்கார்ந்து வேலை செய்வான், இருமல் குறையும். ஒரு பொய்யில் ஒரு மனிதன் பிழைப்பான்.

ஆனால் அவன் பொய் கேட்கவில்லையே. பொய் போதும் என்றால் போன மாதமே கொடுத்திருப்பான்.


டிசம்பர் 12, ஞாயிறு

எழுதிவிட்டேன். பூசை முடிந்து வந்து, மறுபடி பத்துத் தாளையும் வாசித்துப் பார்த்து, தாள் வாரியாகக் குறித்து எழுதினேன். 'தடித்த இரண்டு ஜோடிகள் எல்லா மெட்டிலும் சுத்தம். மெல்லிய இரண்டு ஜோடிகள் எல்லா மெட்டிலும் தப்பு. மெட்டுகள் சாய்ந்து பதிந்திருக்கலாம்.' பரீட்சைத் தாள் திருத்தியது போல இருந்தது. சிவப்பு மை ஒன்றுதான் பாக்கி.

தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரும்போது நடை வேகமாக இருந்தது. ஏன்? குற்றவாளி நான் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டதாலா?


டிசம்பர் 25

பிறந்தநாள் பூசையில் பாடினேன். நடுவில் இரண்டு இடத்தில் என் காதில் விழுந்தது பாட்டு அல்ல, இருமல்.


1944 ஜனவரி 8, சனி

அண்ணன் கடிதம். என் கடிதத்தைக் கிடங்கு ஜன்னலில் வைத்தே கையாலும் வாயாலும் மொழிபெயர்த்துச் சொன்னானாம். பேதுரு உடனே போய், இரண்டாவது மாண்டலினைப் பட்டறையில் காட்டி, அங்கேயே குறடு இரவல் வாங்கி, பித்தளை மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டான். முதலாவதில் சாய்ந்திருந்தால் அதே அளவுக் குச்சியை வைத்துச் செய்த இரண்டாவதிலும் சாய்ந்துதானே இருக்கும் என்பது அவன் கணக்கு. அதிகாரி வீட்டுத் துரைசானிக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒன்றும் போகவில்லை. அவன் இன்னும் தினம் கல் உடைக்கப் போகிறான்.

'உள்ளதைச் சொன்னாய், நல்லதுதான்' என்று அண்ணன் முடித்திருக்கிறான். அந்த 'தான்' என்னைத் தின்கிறது.


ஜனவரி 9

மாண்டலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவியை அண்ணியிடம் கொடுத்தேன். மடியில் முடிந்துகொண்டாள்.


ஜனவரி 14

பொங்கல் லீவு. எங்கள் தெருவில் கிறிஸ்தவர்கள் நாங்கள் நாலு வீடு தவிர எல்லா வீட்டு வாசலிலும் புகை. வாசக சாலையில் வாங்கிவந்த புத்தகத்தில் ஒரே பக்கத்தை மூன்று நாளாகப் படிக்கிறேன். எழுந்து போகிறேன், திரும்பி வருகிறேன். போன இடத்திலும் வேலை இல்லை, வந்த இடத்திலும் இல்லை.


ஜனவரி 23, ஞாயிறு

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் அண்ணி முறத்தில் அவரை உரித்துக்கொண்டிருந்தவள், மடியிலிருந்து சாவியை எடுத்துப் போட்டாள். "எடுத்து என்னமோ ஒண்ணு வாசி. ரெண்டு வாரமா வூடு எழவு வூடாட்டம் கெடக்குது. திட்டறதுக்குக்கூட ஒண்ணுமில்ல" என்றாள்.

ஆர்பெஜி எதையும் தொட மனமில்லை. முதல் தாளைத் திருப்பினேன். அதன் பின்பக்கத்தில் மூன்று வரி உண்டு. ஒரு ஜோடியில் ஏழாம் மெட்டு, அடுத்த ஜோடியில் வெறும் கம்பி; இப்படி மூன்று தடவை, ஜோடி ஜோடியாக மேலே. விரல் எண்கூடப் போடவில்லை. குழந்தைப் பாடம் என்று நினைத்து முதல் நாளே தள்ளிவிட்டிருந்தேன். வேறெதற்கும் தெம்பில்லாததால் அதை வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன்.

அண்ணி உரிப்பதை நிறுத்தவில்லை. "இதென்னா, ஒருத்தன் கூப்பிடறதும் ஒருத்தன் பதில் சொல்றதுமா?"

"அப்படித்தான் இருக்குது அண்ணி."

"மொதல்ல கூப்பிட்டான், அதே கொரல்ல பதில் வந்துச்சு. கடைசியிலயும் அப்பிடியே வந்துச்சு. நடுவுல மட்டும் பதில் வேற எவனோ சொல்றான்." ஒரு அவரையைச் சுண்டிப் போட்டாள். "எழுதுனவன் மூணையும் ஒரே மாதிரிதானே எழுதியிருக்கான்?"

ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறான். ஏழு, வெறும் கம்பி. ஏழு, வெறும் கம்பி. ஏழு, வெறும் கம்பி. அது பாடம் இல்லை. சுருதி கூட்டும் விதம். ஒரு ஜோடியின் ஏழாம் மெட்டில் என்ன சுரமோ, அதே சுரத்தில் அடுத்த ஜோடியின் வெறும் கம்பி நிற்க வேண்டும். மூன்று இடத்திலும். முனியப்பன் கூட்டியதில் முதலிலும் கடைசியிலும் தானாகவே பொருந்திவிட்டது. நடுவில் மட்டும் ஒரு படி குறைவு. நடுவில் குறைந்ததால் மேல் ஜோடி இரண்டும் சேர்ந்து ஒரு படி கீழே நிற்கின்றன. ரி, ம, நி. ஐயோ.

அது போகட்டும். அது தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் இது? ஒவ்வொரு மெட்டும் ஒரே நேர்ப் பித்தளைத் துண்டு, நாலு ஜோடிக்கும் குறுக்கே ஓடுகிறது. இரண்டு ஜோடிக்கு மயிரிழை பிசகாமல் சுத்தமாக இருப்பது அடுத்த இரண்டுக்கு ஒரு முழுப் படி எப்படி விழும்? ஒரு படி விழ வேண்டும் என்றால் மெட்டு விரற்கடை நகர்ந்திருக்க வேண்டும், குருடனுக்கும் தெரியும். மயிரிழை என்று எழுதினேனே. நாலாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் பதில் சொல்ல முடியாது. என் விரல் தப்பில்லை என்று ஆகிவிட்ட சந்தோஷத்தில் அதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை. அதுதான் நடந்தது. வேறு எதுவும் இல்லை.

நான் தப்பாப் பாத்துட்டேன். அவன் பிடுங்கிட்டான்.


ஜனவரி 24, திங்கள்

பள்ளிக்கூடம் போவதற்கு முன் மேல் ஜோடிகளின் சுருதியை ஏற்றினேன். மெல்லிய ஜோடிகளுக்கு மாற்றுக் கம்பி கிடையாது. பெங்களூரில் வீணைக் கம்பியும் பிடில் கம்பியுமாகக் கிடைத்ததைச் சேர்த்து அண்ணன் கட்டியது. ஒரு படி ஏற்றினால் தாங்குமா? முறுக்காணியைக் கடுகளவு திருப்புவது, காத்திருப்பது, மறுபடி கடுகளவு. அண்ணி அடுப்பங்கரையிலிருந்து வந்து, கண்ணில் தெறிக்கும் என்று தன் முந்தானையை என் முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசிக் கம்பி முனகியது. அறுந்துபோகவில்லை.

முதல் தாள். ச, க, ப, ச. மெல்லிய ஜோடி, ஆள்காட்டி விரல், இரண்டாம் மெட்டு. க. பிறகு ப. பிறகு உச்சியில் ச.

பத்துத் தாளும் வாசித்தேன். எந்த மெட்டிலும் ஒரு குற்றம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அரை மணி நேரம் தாமதம்.

சாப்பாட்டு வேளையில் அண்ணனுக்கு எழுதிப் போட்டேன். 'தப்பு முழுவதும் என்னுடையது. மெட்டுகளைத் திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள். பதித்த இடத்திலேயே.'


பிப்ரவரி 1, செவ்வாய்

சந்தையில் முனியப்பனைப் பார்த்தேன். வெற்றிலைக் கட்டு வாங்கிக்கொண்டிருந்தார். விவரம் சொன்னேன். தான் வைத்த சுருதியில் தப்பே வராது என்றார். தப்பு இல்லைங்க, அது பிடிலுக்கு, இது வேறு என்றேன். சந்தை இரைச்சலில் என்னை நாலு சுரத்தையும் பாடிக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"நாலும் நாலு திக்குல நிக்குதுங்களே டீச்சரம்மா. எதை ஆதாரமா வச்சிப் பாடுவாங்க?"

தெரியலைங்க என்றேன். "பாவம், அந்த ஊர்ல பாடறவங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எண்ணப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். தெரியாததைத் தெரிந்ததாக எழுதியவள் நான்.


பிப்ரவரி 6, ஞாயிறு

அண்ணன் கடிதம். மெட்டுகளைத் திரும்ப அடிக்கும்போது கழுத்து நீளவாட்டில் பிளந்துவிட்டது. ஏற்கெனவே பிடுங்கிய பள்ளங்கள். தேயிலைப் பெட்டிப் பலகை எவ்வளவுதான் தாங்கும்? புதிதாகச் செய்ய மரம் இல்லை, கொடுக்கவும் மாட்டார்கள். அதிகாரி அடுத்த மாதம் புனாவுக்கு மாற்றலாகிறார். அதோடு பட்டறைப் பேச்சு முடிந்தது என்று எழுதியிருக்கிறான்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறான். என் பிசகை அவனிடம் இன்னும் சொல்லவில்லையாம், பழைய இடத்திலேயே பதி என்று மட்டும் சொன்னானாம். 'சொல்லி என்ன ஆகப்போகிறது? சோர்ந்து கிடக்கிறான்.'

இரண்டாவது போய்விட்டது. முதலாவது இருக்கிறது.

இதை எழுதிவிட்டு வெகு நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியிடம் சொன்னேன். மூன்று மாதமாக இதைக் கிணற்றில் போடு, அடுப்பில் போடு என்று சொன்னவள்.

"குடுத்துடப் போறியா? இப்பத்தானே கேக்கற மாதிரி ஆச்சு."

"வேற வழி இருக்குதா அண்ணி?"

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து, "வழி இல்லைன்னு நான் சொன்னனா? இப்பத்தான் கேக்கற மாதிரி ஆச்சுன்னுதானே சொன்னேன்" என்றாள்.


பிப்ரவரி 7

அண்ணனுக்குக் கார்டு: இருபதாம் தேதி ஞாயிறு கிருஷ்ணகிரி வரை வந்து வாங்கிக்கொள்ளவும்.


பிப்ரவரி 13

ஒன்பதாம் தாளில் சுண்டுவிரல் தானாகப் போய் உட்காருகிறது. நான் பார்க்கவே வேண்டியதில்லை. இன்னும் ஏழு நாள். இப்போது எதற்காக இத்தனை நன்றாக வருகிறது?

கொடுக்காமல் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அண்ணன் எனக்கென்றுதான் கொண்டுவந்தான். பேதுருவும் திருப்பித் தரச் சொல்லி அனுப்பவில்லை. அதிகாரி புனா போய்விட்டால் எல்லாம் அதோடு ஓய்ந்துவிடும். இரண்டு நாளாக இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது புத்தி. எழுதி வைக்கிறேன். நான் நல்லவள் என்று பின்னால் நினைத்துக்கொள்ளாமல் இருக்க.


பிப்ரவரி 20, ஞாயிறு

முதல் பூசை பார்த்துவிட்டு அண்ணியும் நானும் கிருஷ்ணகிரி பஸ் ஏறினோம். மாண்டலின் பழைய கம்பளியில் சுற்றி என் மடியில். ஏற்றத்தில் பஸ் திணறி நின்றபோது எல்லாரும் இறங்கி நடந்தோம். கண்டக்டர், அந்த மூட்டையை மேலே போடலாமே என்றார். "அதுக்கு வயசு மூணு மாசம், மடியிலயே இருக்கட்டும்" என்றாள் அண்ணி. அவர் ஒரு அடி விலகி நின்றார்.

அண்ணன் ஓசூர் பஸ்ஸில் வந்து இறங்கினான். இளைத்திருந்தான். அவனுக்குத் திரும்பும் பஸ் ஒரு மணி நேரத்தில். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாம் பேசிக்கொண்டோம். முகாமுக்குள் கம்பியோடு கொண்டுபோக முடியாது. நேரே அதிகாரி பங்களாவுக்கு எடுத்துப் போவதாகச் சொன்னான். இதையும் பேதுருதான் செய்தான் என்று துரைசானியிடம் சொல்லிக் கொடுத்துவிடலாம், பட்டறைக்கு உத்தரவு எழுதாமல் அதிகாரி புனா போக மாட்டார் என்றான்.

பிறகு நான் அந்தப் பேச்சை எடுத்தேன். பேதுருவிடம் என் பிசகைச் சொல்லியாயிற்றா என்று.

"அது எதுக்கு ஞானம்? கம்பி மாத்துனதும் சரியாப் போச்சுன்னு சொல்லிட்டாப் போவுது. அவனுக்கும் மனசு ஆறும், உனக்கும் பேர் கெடாது."

"அப்படிச் சொன்னா அவர் கையில ஏதோ குறை இருந்துச்சுன்னுதானே ஆவும். இல்லைங்கண்ணா. அவர் வெச்சது வெச்ச எடத்துல சரியா இருந்துச்சு. கேக்கத் தெரியாதவ நான். என் பேரைச் சொல்லியே சொல்லுங்க."

"அவன் என்னைக் கேட்டா? ரெண்டாவது வீணாப் போனது யாராலன்னு?"

"என்னாலன்னு சொல்லுங்க."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அவள், "அவ சொல்றபடி சொல்லுங்க. வாத்தியத்தோட இதையும் சேத்துத்தான் எடுத்துக்கிட்டுப் போவணும். ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனா நான் குடுக்க மாட்டேன்" என்றாள். கம்பளி மூட்டை அப்போது அவள் மடியில் இருந்தது.

வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது பஸ்ஸில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.


மார்ச் 12

கடிதம் இல்லை.


மார்ச் 19

கடிதம் இல்லை. விரல் நுனித் தோல் உரிகிறது. உள்ளே புதுத் தோல், எதைத் தொட்டாலும் கூசுகிறது.


ஏப்ரல் 11, செவ்வாய்

ஈஸ்டருக்கு அண்ணன் வந்திருந்தான். இன்று போனான். நேற்று சாப்பிட்ட பிறகு எல்லாவற்றையும் சொன்னான். சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

பங்களாவில் மாண்டலினைக் கொடுத்ததும் துரைசானி, செய்தவனைக் கூப்பிடு, வாசித்துக் காட்டட்டும் என்றாளாம். காவலாளோடு பேதுரு வந்தான். கிணற்றடியில் கை கழுவச் சொல்லிப் பிறகு உள்ளே விட்டார்கள். பஸ் குலுக்கலில் சுருதி கலைந்திருந்தது, அவனே கூட்டினான். முதலில் ஒவ்வொன்றாக, கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. பாட்டு இல்லையா என்று துரைசானி கேட்டாள். அவன் காதில் விழவில்லை. அதையேதான் வெகு நேரம் வாசித்துக்கொண்டிருந்தான். காவலாள் தோளைத் தொட்ட பிறகு ஒரு பாட்டு வாசித்தான்.

திரும்பும் வழியில் அண்ணன் சொல்லியிருக்கிறான். பிசகு என் தங்கையுடையது, உன் மெட்டுகள் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தன, இரண்டாவது பிளந்தது அவளால் என்று. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை, கையால் காட்டி.

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"நின்னுட்டான். அப்புறம் சிரிச்சான். இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சான். நெறைய ஏதோ சொன்னான், எனக்கு ஒண்ணும் புரியலை."

கோபமாகவா என்று அண்ணி கேட்டாள். தெரியலை என்றான் அண்ணன்.

அதிகாரி மார்ச் இருபத்தெட்டாம் தேதி புனாவுக்குப் போனார். மாண்டலினும் அவர்கள் சாமானோடு போயிற்று. உத்தரவு எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். பேதுரு ஏப்ரல் மூன்றாம் தேதியிலிருந்து பட்டறையில் இருக்கிறான். முகாம் ஆபீஸுக்கு நாற்காலி செய்கிறான். இதுவரை இரண்டு முடிந்ததாம். மாண்டலின் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.